காய்ச்சல் லீவு பிறந்த கதை

2000ஆம் ஆண்டு ஜனவரியில் இஸ்ரேலில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய கோரிக்கைக்கும் காய்ச்சலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் நாடெங்கும் ஃப்ளூ பரவிக்கொண்டிருந்த நேரம் அது. சுமார் இரண்டு வாரம் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பிற்பாடு ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் பதிவேடுகளைப் புரட்டிய மருத்துவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் சளி, காய்ச்சல், இருமல் வகைத் தொற்றுகள் அந்த நாள்களில் 42 சதவீதம் குறைந்திருந்தன. வேலைநிறுத்தம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியதும் நோயும் மறுபடி ஏறியது.

யாரும் திட்டமிட்டு நடத்தாத சோதனை இது. திட்டமிட்டு நடத்துகிறேன் என்று கிளம்பியிருந்தால் எந்த நாட்டில் அனுமதி கிடைத்திருக்கும்?

‘காய்ச்சல் பரவினால் பள்ளிக்கு லீவு’ என்பது காலங்காலமாக இருந்துவரும் வழக்கம்போலத்தான் நமக்குத் தோன்றுகிறது. தொலைக்காட்சியில் காய்ச்சல் செய்தி ஓடினால் பெற்றோர் அடுத்து எதிர்பார்ப்பது லீவு அறிவிப்பைத்தான். ஆனால் இன்று நாம் அறிந்த வடிவில், அதாவது அரசு முன்கூட்டியே எழுதி வைத்த விதியாக, இதற்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை என்றே சொல்லலாம். பிறந்த இடம் வாஷிங்டன். வித்து, பெரும் ஃப்ளூ பரவிய 1918இன் அமெரிக்க நகரங்களில் கிடந்தது. அதே நகரங்களில் இதைவிட மூத்த இன்னொரு ஏற்பாடும் இருந்தது: பள்ளியை மூடாமல், பள்ளிக்குள்ளேயே நோயைத் தேடிப் பிடிப்பது. விதி எழுதியவர்கள் முதலாவதை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. என் வருத்தமெல்லாம் அதில்தான்.

மூத்ததிலிருந்தே தொடங்கலாம். 1894இல் பாஸ்டன் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்தது. நகராட்சி 50 மருத்துவர்களை நியமித்துப் பள்ளிகளுக்கு அனுப்பியது. ஆசிரியர் சந்தேகப்படும் பிள்ளையை மருத்துவர் பார்ப்பார். தொற்று என்றால் வீட்டுக்கு அனுப்புவார். மூன்று ஆண்டு கழித்து நியூயார்க்கும் அதையே செய்தது. ஒரு சிக்கல். வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆனது என்று பார்க்க ஆளில்லை. கண் நோய், சொறி, பேன், படர்தாமரை என்று வகுப்பிலிருந்து விரட்டப்பட்ட பிள்ளைகள் மாலையில் அதே தெருவில் அதே நண்பர்களோடு விளையாடினார்கள். அம்மாக்களுக்கோ ஆங்கிலம் தெரியாது. மருத்துவர் கொடுத்தனுப்பிய சீட்டை வைத்துக்கொண்டு விழித்தார்கள்.

குடியேறிகள் வாழ்ந்த சேரிப்பகுதியில் செவிலியர் சேவை நடத்திவந்த லிலியன் வால்ட் இதைப் பார்த்துவிட்டு, தன் செவிலியரில் ஒருவரைத் தருகிறேன், சோதித்துப் பாருங்கள் என்றார். 1902 அக்டோபரில் லினா ராஜர்ஸ் நான்கு பள்ளிகளின் பொறுப்போடு வேலைக்கு வந்தார். சின்னச் சின்ன நோவுகளுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டார். மற்ற பிள்ளைகளின் வீடு தேடிப் போய், மாடிப்படி ஏறி, அம்மாவிடம் செய்து காட்டினார். ஓராண்டில், நோய் என்று வகுப்பிலிருந்து வெளியேற்றப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சரிந்தது. பள்ளிச் செவிலியர் என்ற பணி நியூயார்க்கில் இப்படித்தான் நிலைபெற்றது.

இனி 1918.

செப்டம்பர் 28ஆம் தேதி பிலடெல்பியாவில் போர்க்கடன் பத்திரம் விற்பதற்காக ஒரு பெரிய ஊர்வலம். நகரில் காய்ச்சல் தென்பட்டுப் பத்து நாளுக்கு மேலாகியிருந்தது. ஊர்வலம் வேண்டாம் என்று மருத்துவர்கள் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். சுகாதார இயக்குநர் வில்மர் க்ரூசன் நிறுத்தவில்லை. போர்க்காலத்தில் தேசபக்திக்குக் குறுக்கே நிற்க யாருக்குத்தான் துணிவு வரும்? சுமார் 2 லட்சம் பேர் தெருவோரங்களில் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். சில நாளிலேயே மருத்துவமனைகளில் இடமில்லை. அக்டோபர் 3ஆம் தேதிதான் பள்ளி, தேவாலயம், திரையரங்கு எல்லாவற்றையும் மூட உத்தரவு வந்தது. அதற்குள் முதல் நோயாளி தெரிந்து பதினாறு நாள் ஓடிவிட்டது.

செயின்ட் லூயிஸ் நகரின் சுகாதார ஆணையர் மாக்ஸ் ஸ்டார்க்லாஃப் வேறு ரகம். அங்கே பொதுமக்களிடம் நோய் தெரிந்தது அக்டோபர் 5. அவர் மூடியது 7ஆம் தேதி. வியாபாரிகள் கொதித்தார்கள். மனிதர் அசையவில்லை. நவம்பரில் தளர்த்தினார், நோய் தலைதூக்கியது, மறுபடி பூட்டினார். நோயின் உச்ச வாரத்தில் பிலடெல்பியாவில் லட்சத்துக்கு 257 பேர் செத்தார்கள். செயின்ட் லூயிஸில் 31.

இந்த இரண்டு ஊர்க் கதையும் கோவிட் காலத்தில் உலகமெங்கும் சுற்றி வந்தது, நீங்களும் கேட்டிருப்பீர்கள். மூன்றாவது ஊரின் கதை அவ்வளவாகச் சுற்றவில்லை.

நியூயார்க்கில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அப்போது ஏறத்தாழ 10 லட்சம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் காற்றோட்டமில்லாத நெரிசல் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்ட். ஹோமியோபதி மருத்துவம் படித்தவர், அரசியல் தெரிந்தவர், பின்னாளில் செனட்டர் ஆனவர். குழந்தைகள் நலப் பிரிவின் தலைவர் டாக்டர் ஜோசஃபின் பேக்கர். டைஃபாய்டைப் பரப்பிய சமையல்காரி மேரி மாலனை 1907இல் போலீசோடு போய்ப் பிடித்து, திமிறிய அவர்மேலேயே உட்கார்ந்து ஆம்புலன்சில் கொண்டுவந்தவர் இந்த பேக்கர்தான். மென்மையான ஆசாமி இல்லை.

பேக்கரின் கணக்கு எளியது. பள்ளியை மூடினால் பிள்ளை எங்கே போகும்? இருட்டு அறைக்கும் தெருவுக்கும். பள்ளியில் இருந்தால் வெளிச்சம் உண்டு, காற்று உண்டு, தினமும் பார்க்க ஆள் உண்டு. ஆகவே மூடவேண்டாம் என்றார். கோப்லாண்ட் ஒப்புக்கொண்டார். நகரின் முன்னாள் சுகாதார ஆணையரே அதைக் குறை சொன்னார்.

நடைமுறை எப்படி என்று கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். காலையில் வந்த பிள்ளைகள் மைதானத்தில் கூடி விளையாடக் கூடாது. நேரே தங்கள் வகுப்புக்குப் போகவேண்டும். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்ப்பார். மூக்கொழுகல், இருமல், கண் சிவப்பு என்று ஏதாவது தென்பட்டால் அந்தப் பிள்ளையைத் தனியே உட்காரவைத்து மருத்துவருக்கோ செவிலியருக்கோ சொல்லி அனுப்புவார். அவர் காய்ச்சல் பார்ப்பார். காய்ச்சல் இருந்தால் சுகாதாரத் துறையின் ஆள் ஒருவர் பிள்ளையை வீடுவரை கூட்டிப்போவார். போகிறவருக்கு இன்னொரு வேலையும் உண்டு: அந்த வீட்டில் நோயாளியைத் தனியே படுக்கவைக்க இடம் இருக்கிறதா, கவனிக்க ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் மருத்துவமனை. சொந்தமாக மருத்துவர் வைத்துக்கொள்ள வசதியில்லாத குடும்பத்துக்கு அரசு மருத்துவர். நல்லபடியாக இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போகும்போது, அம்மா அப்பா தெரிந்துகொள்ளவேண்டிய நோய்த் தகவலையும் கையோடு கொண்டுபோகும்.

விளைவு? நியூயார்க்கில் அந்த இலையுதிர் காலத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். வெற்றி என்று மார்தட்ட முடியாத எண்ணிக்கை. ஆனால் மக்கள்தொகைக்கு வகுத்துப் பார்த்தால் பிலடெல்பியாவையும் பாஸ்டனையும்விடக் கணிசமாகக் குறைவு. பள்ளிகளைத் திறந்தே வைத்த இன்னொரு பெருநகரம் சிகாகோ. அதன் இறப்பு விகிதம் செயின்ட் லூயிஸுக்குப் பக்கத்திலேயே நின்றது. பள்ளிக் கதவு மட்டுமே எதையும் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நியூயார்க்கில் கடைகளும் திரையரங்குகளும் திறக்கும் மூடும் நேரத்தை மாற்றி மாற்றி வைத்து ரயில் நெரிசலைக் குறைத்தார்கள். அதுவும் சேர்ந்துதான் வேலை செய்தது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. திறந்து வைப்பதற்கான துணிவு 1918இல் முளைத்ததல்ல. லினா ராஜர்ஸ் படியேறத் தொடங்கிப் பதினாறு ஆண்டு ஆகியிருந்தது. செவிலியர்படை கையில் இருந்தது. அது இல்லாத ஊருக்குப் பூட்டைத் தவிர வேறு வழியில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்கள் பூட்டத்தான் செய்தன.

காய்ச்சல் போனது. பத்திரிகைக் கட்டுகளும் நகராட்சிக் குறிப்பேடுகளும் காப்பகங்களுக்குப் போய்த் தூசி ஏறின. எண்பத்தைந்து ஆண்டுக்கு மேல் அவற்றை யாரும் வரிசைபோட்டுப் பார்க்கவில்லை.

நடுவில் 1957இல் ஆசியக் காய்ச்சல் வந்தது. இந்தியாவுக்குள் அது நுழைந்த வாசல் நம் சென்னைத் துறைமுகம். மே மாதம் சிங்கப்பூரிலிருந்து நோயாளிகளோடு வந்த கப்பல். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்ஸா மையம் அதைப் பின்தொடர்ந்தது. பன்னிரண்டு வாரத்தில் நாடு முழுக்கப் பரவி, கணக்கில் வந்தவர்களே 44 லட்சத்துக்கு மேல். அமெரிக்காவில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும்தான் அது வெடித்தது. பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் படுத்தார்கள். ஃப்ளூவுக்குப் பிள்ளைகள்தான் பாலம் என்பது அப்போதே ஓரளவு தெரிந்துபோயிற்று. ஆனாலும் பள்ளிகளை மூடு என்று யாரும் தேசிய விதி போடவில்லை. தடுப்பூசியிலேயே எல்லோர் கவனமும் இருந்தது.

விதி பிறந்தது 2005க்குப் பின். அந்தக் கோடையில் அதிபர் ஜார்ஜ் புஷ் விடுமுறையில் ஜான் பாரி எழுதிய 1918 காய்ச்சலின் வரலாற்றைப் படித்தார். ஆசியாவில் பறவைக் காய்ச்சல் மனிதர்களைக் கொல்லத் தொடங்கியிருந்த நேரம் அது. திரும்பி வந்ததும், நம்மிடம் என்ன திட்டம் இருக்கிறது என்று கேட்டார். உருப்படியாக ஒன்றும் இல்லை. நவம்பர் 1ஆம் தேதி தேசியத் திட்டத்தை அறிவித்து 710 கோடி டாலர் கேட்டார். பெரும்பகுதி தடுப்பூசிக்கும் மருந்துக்கும். தடுப்பூசி தயாராக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

வெள்ளை மாளிகையில் இந்தப் பொறுப்பைப் பார்த்த டாக்டர் ராஜீவ் வெங்கய்யா இரண்டு மருத்துவர்களை அழைத்து வைத்துக்கொண்டார். ஒருவர் ரிச்சர்ட் ஹாட்செட். இன்னொருவர் கார்ட்டர் மெக்கர். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சை பார்த்தவர், கொள்ளைநோய் இயல் படித்தவரல்ல. படிக்காததே நல்லதாய்ப் போயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் துறையில் ஊறியவர்கள், கூட்டத்தைக் கலைப்பதெல்லாம் பழங்கால வைத்தியம், பயன்படாது என்று முடிவுகட்டியிருந்தார்கள்.

இதே நேரத்தில் நியூ மெக்ஸிகோவில், சாண்டியா தேசிய ஆய்வகத்தின் விஞ்ஞானி ராபர்ட் கிளாஸ் வீட்டில் ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சிக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. அவருடைய 14 வயது மகள் லாரா, தன் வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் எத்தனை பேரோடு பழகுகிறார்கள் என்று கணக்கெடுத்து, நோய் அந்த வலையில் எப்படி ஓடும் என்று கணினியில் காட்டப் பார்த்தார். அப்பாவுக்குப் பொறி தட்டியது. சிக்கலான அமைப்புகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பதுதான் அவர் தொழில். 10,000 பேர் வாழும் கற்பனை ஊர் ஒன்றைக் கணினியில் கட்டினார். 1957 வகைக் காய்ச்சலை விட்டால் பாதி ஊர் படுத்தது. பள்ளியை மூடி, பிள்ளைகளையும் பதின்வயதினரையும் வீட்டோடு நிறுத்தினால் நோய் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2006 நவம்பரில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் லாராவின் பெயரும் இருந்தது.

மெக்கர் அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் ஏன் இப்படிப் பரப்புகிறார்கள் என்று பள்ளிக்கூடங்களையே ஆராய்ந்தார். வகுப்பறையின் பரப்பை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தார். பெரியவர்கள் வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும் அவ்வளவு நெரிசல் இல்லை. பள்ளி பஸ்ஸின் இருக்கையை அளந்தார். ஒன்றில் மூன்று பிள்ளைகள். அந்த நாட்டில் ஊர்மக்கள் ஏறும் பொதுப் பேருந்துகளைவிடப் பள்ளி பஸ்கள் பல மடங்கு அதிகம் என்பதையும் கவனித்தார். நம் ஷேர் ஆட்டோக்களை அவர் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ.

கணினி மட்டும் போதாது, நிஜத்தில் நடந்ததா என்று கேட்பார்களே. அப்போதுதான் 1918இன் தூசி படிந்த காகிதங்கள் வெளியே வந்தன. ஹாட்செட்டும் மெக்கரும் ஹார்வர்டின் மார்க் லிப்சிட்ச்சும் 17 நகரங்களை எடுத்தார்கள். மருத்துவ வரலாற்றாளர் ஹோவர்ட் மார்க்கெல் குழு 43 நகரங்களின் செய்தித்தாள்களையும் ஆவணங்களையும் தேடிப் படித்தது. இரண்டு ஆய்வும் 2007இல் வந்தன. சீக்கிரம் செய்த நகரங்களும், பலவற்றைச் சேர்த்துச் செய்த நகரங்களும் தப்பின என்றன. பிலடெல்பியாவும் செயின்ட் லூயிஸும் அருகருகே வரையப்பட்டு, கோவிட் காலத்தில் சுற்றிய அந்த வரைபடம் பிறந்தது அப்போதுதான்.

அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வழிகாட்டியை வெளியிட்டது. நம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுபோல, காய்ச்சலின் கடுமைக்கு ஒன்று முதல் ஐந்துவரை எண் கொடுத்தது. நடுத்தரமானால் பள்ளிகளுக்கு நான்கு வாரம்வரை மூடல். கடுமையானால் பன்னிரண்டு வாரம்வரை. காய்ச்சல் லீவு, அரசாங்க முத்திரையோடு பிறந்தது.

பிறக்கும்போதே எதிர்ப்பும் இருந்தது. பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழித்த இயக்கத்தின் தலைவர் டொனால்ட் ஹெண்டர்சன், 2006இலேயே சகாக்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் இதைக் கேள்வி கேட்டார். பள்ளியை மூடினால் பிள்ளை வேறு எங்கும் போகாதா? அம்மா வேலைக்குப் போகவேண்டாமா? பள்ளியில் கிடைக்கும் சாப்பாட்டை நம்பியிருக்கும் பிள்ளை என்ன செய்யும்? சத்துணவுக்காகவே பள்ளிக்கு வந்த தலைமுறைகளைக் கண்ட நமக்கு இந்தக் கடைசிக் கேள்வியின் கனம் தெரியும்.

முதல் கேள்விக்கு அதே ஆண்டில் பதில் கிடைத்தது. வட கரோலினாவின் யான்சி என்ற சிறு மாவட்டத்தில் நவம்பரில் ஃப்ளூவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். பெற்றோரில் பத்தில் ஒன்பது பேர் அந்த முடிவை ஆதரித்தார்கள். விசாரித்தபோது, அந்த நாள்களில் பிள்ளைகளில் 89 சதவீதம் பேர் கடை, உணவகம் என்று பொது இடம் ஏதாவது ஒன்றுக்குப் போய்வந்திருந்தார்கள். கணினிக்குள் இருந்த பிள்ளைகள் சொன்னபடி வீட்டில் இருந்தார்கள். நிஜப் பிள்ளைகளுக்குப் போரடித்தது.

அடுத்தடுத்த ஆய்வுகளும் கிளாஸின் தொண்ணூறுக்குக் கிட்டே வரவில்லை. பிரான்சில் பல ஆண்டுப் பள்ளி விடுமுறைகளையும் ஃப்ளூ கணக்கையும் ஒப்பிட்ட சைமன் கோஷ்மேஸ் குழு 2008இல் சொன்னது: நீண்டநாள் மூடினால் மொத்த நோயாளிகள் 13 முதல் 17 சதவீதம் குறையலாம், உச்சம் மட்டும் 45 சதவீதம்வரை தணியலாம். ஆஸ்பத்திரிப் படுக்கைகள் திணறாமலிருக்க உச்சம் தணிவது பெரிய விஷயந்தான். நோயை நிறுத்துவது என்பது வேறு. அதே 2008இல் ஹாங்காங்கில் மூன்று குழந்தைகள் இறந்த செய்தி பரவி, தொடக்கப்பள்ளிகளையும் மழலையர் பள்ளிகளையும் இரண்டு வாரம் மூடினார்கள். ஊரில் நோய் பரவியதில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. அலை ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தால் பூட்டுக்கு என்ன வேலை? இன்னொரு கணக்கு 2009இல் ப்ரூக்கிங்ஸ் நிறுவனத்திலிருந்து: நாடு முழுக்க நான்கு வாரம் மூடினால் 1,000 கோடி முதல் 4,700 கோடி டாலர்வரை இழப்பு, அதோடு மருத்துவப் பணியாளர்களில் 6 முதல் 19 சதவீதம் பேர் வேலைக்கு வரமுடியாமல் போவார்கள். காரணம், நர்ஸ்கள் பலர் அம்மாக்கள். காய்ச்சலுக்காகப் பள்ளியை மூடினால், காய்ச்சலைப் பார்க்கவேண்டியவர் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

விதிக்கு இரண்டு வயது ஆகும்போது பரீட்சை வந்தது. 2009 ஏப்ரல் 23, வியாழக்கிழமை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் சுமார் 2,700 மாணவர் படிக்கும் செயின்ட் பிரான்சிஸ் பள்ளியில் நர்ஸ் மேரி பப்பாஸின் அறைக்கு வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. காய்ச்சல், தொண்டை வலி, தலைவலி. அன்று ஏறக்குறைய நூறு பேர். பன்றிக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த மெக்ஸிகோவுக்குச் சில மாணவர்கள் விடுமுறையில் போய்வந்திருந்தார்கள். பப்பாஸ் வழக்கமான சளிக்காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பவில்லை. பெற்றோரை வரவழைத்துப் பிள்ளைகளை அனுப்பினார். நகரச் சுகாதாரத் துறையைத் தொலைபேசியில் அழைத்தார். நியூயார்க்கில் பன்றிக் காய்ச்சல் பிடிபட்டது இப்படி. விமான நிலையக் கருவியில் அல்ல, பள்ளி நர்ஸின் அறையில்.

மெக்ஸிகோ தன் பள்ளிகளை மூடியது. அமெரிக்காவில் நோய் உறுதியான பள்ளியை இரண்டு வாரம்வரை மூடலாம் என்று நோய்த்தடுப்பு மையம் சொன்னது. சில நாளில் எழுநூறுக்கு மேற்பட்ட பள்ளிகள் மூடின. மே 5ஆம் தேதி அதே மையம் பின்வாங்கியது: நோய் பயந்த அளவு கொடியதல்ல, ஏற்கெனவே ஊரெங்கும் பரவிவிட்டது, மூடவேண்டாம், காய்ச்சல் உள்ள பிள்ளை மட்டும் வீட்டில் இருந்தால் போதும். பெற்றோர் குழம்பினார்கள். மே 17 அன்று குவீன்ஸில் வேறொரு பள்ளியின் உதவித் தலைமையாசிரியர் இதே நோயால் இறந்தார். நகரத்தின் முதல் சாவு அது. மூடச்சொல்லி வந்த கூக்குரலைக் கற்பனை செய்துகொள்ளலாம். சில பள்ளிகளைத் தற்காலிகமாக மூடினார்கள். ஆனால் நகரம் ஒட்டுமொத்தப் பூட்டுக்குப் போகவில்லை. அந்த ஆகஸ்டில் நோய்த்தடுப்பு மையம் வெளியிட்ட புதிய வழிகாட்டியும் பள்ளிகளைத் திறந்து வைக்கவே சொன்னது.

இந்தியாவில் அதே ஆகஸ்டு 3ஆம் தேதி புனேயில் 14 வயது மாணவி ஒருவர் இறந்தார். நாட்டின் முதல் பன்றிக் காய்ச்சல் மரணம். புனேயில் பள்ளிகள் மூடின, பின்னாலேயே மும்பையிலும். ஒரு வாரத்தில் சென்னையில் 4 வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. இங்கேயும் பயம் தொற்றிக்கொண்டது.

2020ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அனுபவித்தோம். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். ஃப்ளூவுக்கு என்று வெட்டிய சட்டையைத்தான் வேறொரு நோய்க்குப் போட்டார்கள். ஃப்ளூவில் பிள்ளைகள் பாலம். கோவிட்டில் முதியவர்களே பெரும்பாலும் இறந்தார்கள், பிள்ளைகளின் பங்கு அத்தனை தெளிவாக இல்லை. புதிய நோய், எதுவும் தெரியாத மார்ச் மாதம். அப்போது மூடியதைக் குற்றம் சொல்லமாட்டேன். யுனெஸ்கோ கணக்கில் உலகம் முழுக்க 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். ஆனால் 2007இன் விதி, மிகக் கொடிய காய்ச்சலுக்கும் பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிக் கற்பனை செய்யவில்லை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போனவர்கள், 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் வகுப்புக்கு வந்தார்கள். விட்டுப்போன படிப்பைப் பிடிக்க, மாலை நேரத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு ‘இல்லம் தேடிக் கல்வி’ நடத்தவேண்டியிருந்தது. மூடும் தேதிக்கு நிபுணர்கள் வரைபடம் வைத்திருந்தார்கள். திறக்கும் தேதிக்கு யாரிடமும் இல்லை.

2023 மார்ச்சில் எச்3என்2 காய்ச்சல் பரவியபோது புதுச்சேரி அரசு எட்டாம் வகுப்புவரை 16ஆம் தேதி முதல் 26ஆம் தேதிவரை விடுமுறை விட்டது. முந்தைய செப்டம்பரிலும் இதேபோல விட்டிருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு பள்ளிகளைத் திறந்து வைத்து, ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் என்று அறிவித்தது. யார் செய்தது சரி என்று பட்டிமன்றம் வைக்கலாம். எனக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் படுகிறது. முகாம் ஊருக்கு வரும், போகும். லீவு தொடங்கும், முடியும். திறந்திருக்கும் பள்ளியில் தினமும் காலையில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, நெற்றியைத் தொட்டு, வீடுவரை போய் விசாரிக்கிற ஆள் எங்கே?

பேக்கரிடம் அந்த ஆள் இருந்தார். அதனால்தான் மூடவேண்டாம் என்று அவரால் சொல்ல முடிந்தது. நம் அரசுப் பள்ளிகளுக்குத் தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வருவது ஆண்டுக்கு ஒருமுறை. அடுத்த காய்ச்சல் வரும்போது ‘லீவு உண்டா’ என்று கேட்பதற்கு முன், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: இந்தப் பள்ளிக்கு நர்ஸ் எப்போது?